மீன் லாரியில் வந்த ஜிப்சிப் பூ

இலங்கைக்குப் போகிறேன் என்று சொன்னதும் திருச்சியில் எங்கள் தெருவே எனக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டது. கண்டிக்குப் போ, ரயிலில் மலை ஏறு, யானை பார் என்றார்கள். நான் போனது கல்முனைப் பக்கம். மலை ஏறியது மீன் லாரியில். யானை பார்த்த கதையைப் பிறகு சொல்கிறேன். எல்லாம் ஒரு பூவுக்காக.

எனக்குத் தில்லைநகரில் ஒரு பொக்கே கடை இருக்கிறது. பொக்கேயில் ரோஜாவுக்கும் ரோஜாவுக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக, பொரியைத் தூவினாற்போல ஒரு பூ இருக்குமே, அதற்கு ஜிப்சோஃபிலா என்று பெயர். கடையில் ஜிப்சி என்போம். அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ரோஜாவை எண்ணிப் பார்ப்பார்கள். ஜிப்சி கறிவேப்பிலை மாதிரி சும்மா கூட வரும்.

கேட்டு வாங்கிய ஒரே ஆள் சப்னா. இலங்கையில் கல்முனைக்குப் பக்கத்திலுள்ள மருதமுனைப் பெண். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். சாயங்காலம் கடைக்கு வந்து தண்டு நறுக்குவாள், ரிப்பன் சுற்றுவாள். ஊருக்குத் திரும்புவதற்குள் என்னைவிட நன்றாகப் பொக்கே கட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். இப்போது அவளுக்குக் கல்யாணம். போனில் கூப்பிட்டு, "அக்கா, நீங்கதான் வந்து என்ட பொக்கே கட்டணும். ரோசாப்பூ வேணாம். ஜிப்சி மட்டும் போதும்" என்றாள்.

வெட்டிய பூவை விமானத்தில் கொண்டுபோய் இறக்க விடமாட்டார்கள், அங்கே கிடைக்குமா என்று கேட்டேன். மலைப்பக்கம் விளைகிறதாம். அவளுடைய காக்காவின் லாரி அங்கேதான் மீன் கொண்டுபோகிறதாம். காக்கா என்றால் அங்கே அண்ணன். மீனும் பூவும் ஒரே வண்டியிலா என்று இரண்டு தடவை கேட்டேன். இருந்தாலும் கிளம்பிவிட்டேன்.

கல்முனையிலிருந்து மருதமுனைக்குப் போகும் வழியில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பள்ளிவாசல், ஒரு பேக்கரி, ஒரு துணிக்கடை, மறுபடியும் பள்ளிவாசல். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வயல். நடுவே மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று உரசாமல் எப்படிப் போகின்றன என்பது இறைவனுக்கே வெளிச்சம். என்னை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் வழியில் மூன்று பேரிடம் நின்று நலம் விசாரித்தார். நான் யார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

சப்னாவின் உம்மா இடியப்பமும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உம்மா என்றால் அம்மா, வாப்பா என்றால் அப்பா. நான் போதும் என்றேன். அது அந்த வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு எருமைத் தயிரைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்து மேலே பாணி என்கிற இனிப்புப் பாகை ஊற்றினார். தயிரில் சர்க்கரையா என்று முகத்தைச் சுளித்தபடிதான் முதல் கரண்டியை எடுத்தேன். அப்புறம் சட்டியை யாராலும் என்னிடமிருந்து வாங்க முடியவில்லை.

இந்தப் பக்கம் கல்யாணம் ஆனால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருகிறார். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றவர்கள் பாடு. எங்கள் ஊரில் பெண்ணை அனுப்பும்போது நடக்கும் அழுகையை நினைத்துக்கொண்டேன். இங்கே யார் அழுவார்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளையின் உம்மா என்றாள் சப்னா.

வாப்பாவும் தன் வீட்டு வளவுக்குள்ளேயே மகளுக்குப் புது வீடு கட்டியிருந்தார். ரோட்டைப் பார்த்த பக்கத்தில் ஷட்டர் போட்ட ஓர் அறை. அந்த அறைதான் வீட்டில் பிரச்சினை. சப்னாவுக்கு அதில் பொக்கே கடை வைக்க ஆசை. வாப்பாவுக்கோ அதைப் போன் கடைக்கு வாடகைக்கு விட எண்ணம். ஆளும் தயாராக இருந்தார். அப்பாவும் மகளும் மல்லுக்கட்டி, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வரும் பெண்கள் சப்னா கையிலிருக்கும் பூவைப் பார்த்து, இது எங்கே கிடைக்கும் என்று தாங்களாகவே கேட்க வேண்டும். கேட்டால் அறை அவளுக்கு. இல்லாவிட்டால் அன்று சாயங்காலமே சாவி போன் கடைக்கு.

"தங்கச்சி, எங்கட ஊர்ல மீன் வாங்குவாங்க, சாரன் வாங்குவாங்க. நாளைக்கு வாடுற பூவுக்கு ஆரு காசு குடுக்கிற?" என்று வாப்பா என்னிடமே கேட்டார். சாரன் என்றால் கைலி, அவர் தொழிலே தறி நெசவு.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக நான் சோறு தின்பது அந்த வாடுகிற பூவில்தான். ஆனாலும் வந்த அன்றைக்கே விருந்தாளி வாயைத் திறக்கலாமா? இஞ்சி போட்ட பிளேன்டீயைக் குடித்துவிட்டு அவர் காட்டிய கைத்தறிக் கொட்டகையைப் பார்க்கப் போனேன்.

தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் சாயத்தொட்டிகள். கொடியில் நீலமும் சிவப்புமாக நூல் கட்டுகள் தொங்கின, கழி என்பார்களாம். வாப்பா பேசிக்கொண்டே ஒரு கழியைப் பிடித்து இரண்டு விரலால் தேய்த்து, விரல் நுனியைப் பார்த்தார். சாயம் ஒட்டியிருந்தால் அந்தக் கழி மறுபடி தொட்டிக்குப் போகுமாம். அதற்கப்புறம் அவரை எங்கே பார்த்தாலும் அவர் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. என் சேலை முந்தானையையும் ஓரக்கண்ணால் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் சப்னாவின் காக்கா றிஸ்மியோடு மலைக்குப் புறப்பட்டேன். மருதாணி வைத்த மணப்பெண்ணை வெளியே விடமாட்டார்கள். பூவைப் பார்த்து எடுக்க வேறு ஆள் இல்லை. முன் சீட்டில் நான், பின்னால் ஐஸில் அறுக்குளா மீன். அறுக்குளா என்றால் நம் வஞ்சிரம். லாரியில் ஏற்றியிருந்த அளவுக்குச் சென்னையில் சொத்தையே எழுதிக் கேட்பார்கள்.

அம்பாறை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நடுரோட்டில் ஒரு யானை நின்றது. தனி யானை. எங்கள் ஊரில் கோயில் யானையிடம் காசு கொடுத்து ஆசீர்வாதம் வாங்குவோம். இதனிடம் எதைக் கொடுத்து என்ன வாங்குவது? நான் சீட்டுக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். றிஸ்மி இன்ஜினை நிறுத்திவிட்டு, பணிஸ் என்கிற பன் பொட்டலத்தைப் பிரித்தார்.

"எப்ப போகும் எண்டு சொல்லேலா அக்கா. அவர்ட ரோட்டு" என்று எனக்கும் ஒரு பணிஸ் நீட்டினார்.

யானை எங்களைப் பார்த்தது, லாரியை மோந்தது. வஞ்சிரத்தில் அதற்கு அக்கறையில்லை போலும், மெல்லக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. ஐஸ் உருகி ரோடெல்லாம் சொட்டியிருந்தது. மீன் போய்விடுமே என்று நான் பதறினேன். மேலே போகப்போகக் குளிர் வந்துவிடும், மீனுக்கும் நமக்கும் நல்லது என்றார் றிஸ்மி. சொன்னபடி வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மீனை இறக்கிவிட்டு வெலிமடைக்கு மேலே ஒரு சரிவுக்குப் போனோம். செல்வி என்ற பெண் அங்கே குத்தகை நிலத்தில் ஜிப்சி பயிரிடுகிறாள். மலையகத் தமிழ்ப் பெண். அவள் பேச்சைக் கேட்டதும் மணப்பாறைப் பக்கம் வந்துவிட்டோமோ என்றிருந்தது. கையைப் பிடித்து வரப்பில் நடத்திக் கூட்டிப்போனாள்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இருபது வருஷமாக அந்தப் பூவை வெட்டிய தண்டாக மட்டுமே பார்த்திருக்கிறேன். அது வேரோடு நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இடுப்பளவு செடி, மெல்லிய சாம்பல் பச்சை இலை, கம்பி கம்பியாகக் கிளை. மேலே முழுக்க வெள்ளை. பாத்தி பாத்தியாகச் சரிவு நெடுகக் கீழே இறங்கியது. பக்கத்தில் ஒரு ரோஜாவும் கிடையாது. அங்கே அதுதான் ராணி. சப்னா ஏன் ஜிப்சி மட்டும் போதும் என்றாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷம் தாங்காமல் நடுப்பாத்தியில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னேன். செல்வி சிரித்தாள்.

"தண்ணி நின்னா செத்துரும்க்கா. மண்ணுல சுண்ணாம்பு போட்டுக்கிட்டே இருக்கணும். இந்தக் குளுரும் வேணும்" என்றாள். பாதி மலர்ந்த தண்டாகப் பார்த்து நறுக்கினோம். முழுக்க மலர்ந்ததை எடுத்தால் கீழே போவதற்குள் கொட்டிவிடும்.

இவ்வளவு அழகான பூவுக்கு ஒரே ஒரு குறை. அதன் வாடை. தயிர் புளித்த மாதிரி, ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை. ஒன்றிரண்டு தண்டில் தெரியாது. கட்டுக்கட்டாக மூடிய அறையில் வைத்தால் மூக்கைப் பிடிக்கத் தோன்றும். அதனால்தான் என் கடையில் எப்போதும் ஃபேன் ஓடும். கட்டும்போது தான் முகத்தில் துணி கட்டிக்கொள்வதாகச் செல்வியும் சொன்னாள்.

மீன் பெட்டிகளை நானே நின்று சோப்புப் போட்டுக் கழுவினேன், இரண்டு தடவை. புது ஐஸ், மேலே பேப்பர், அதன்மேல் பூ. இறங்கும் வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்க, றிஸ்மி விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது மீன், வரும்போது பூ, நடுவில் உனக்கு என்னடா ஆயிற்று என்று கேட்டாராம். ஒரு தண்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்ததும் பூவை வாளிகளில் வைத்துப் பின்னறையில் நிறுத்தினேன். கல்யாணத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அழகு என்றார்கள். கூடவே மூக்கைச் சுருக்கினார்கள். மீன் வெடுக்கு அடிக்கிறதே என்றார் ஒருவர். சூடை மீன் என்றார் ஒருவர், இல்லை சுறா என்றார் இன்னொருவர். கடற்கரை ஊரில் மீன் வாசனை பற்றி வெளியூர்க்காரி பேச முடியுமா? அது பூவின் சொந்த வாடை, மீனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தொண்டை வற்றச் சொன்னேன். உம்மா மட்டும் தலையாட்டிக் கேட்டார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். மலைப் பயண அலுப்பில் படுத்ததுதான் தெரியும்.

கல்யாணத்தன்று காலை எழுந்து பின்னறைக்குப் போனால் வாளிகள் காலி.

கொல்லைக்கு ஓடினேன். துணிக்கொடியில் என் ஜிப்சி அத்தனையும் தலைகீழாகத் தொங்கியது, கருவாடு காயப்போட்ட மாதிரி. அதுவும் மஞ்சளாக. வெள்ளை என்பது மருந்துக்கும் இல்லை. கீழே ஒரு பெரிய சட்டி. அதில் மஞ்சள் தண்ணீர், பிழிந்த தேசிக்காய்த் தோல். தேசிக்காய் என்றால் எலுமிச்சை.

யார் செய்தது என்று நான் போட்ட சத்தத்தில் பந்தல்காரர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. குசினி என்கிற சமையலறை வாசலில் உம்மா வந்து நின்றார். இரண்டு கையும் மஞ்சள்.

"வெடுக்குப் போகட்டும் எண்டுதான் தங்கச்சி கழுவின. மீனுக்குச் செய்யிற மாதிரிதான். மஞ்சளும் தேசிக்காயும் உப்பும் போட்டு..." என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

மகள் கையில் மீன் நாற்றம் வந்துவிடக் கூடாதே என்று விடியற்காலையில் எழுந்து, தான் வாழ்நாள் முழுக்க எப்படி வெடுக்கு எடுத்தாரோ அப்படியே எடுத்திருக்கிறார். என் கோபம் பொசுக்கென்று இறங்கி, அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. வேறு பூ இல்லை. மலைக்குப் போய் வர நேரம் இல்லை. சாயங்காலம் போன் கடைக்காரர் வந்துவிடுவார். உறவுக்காரப் பெண் ஒருத்தி, என் வீட்டில் பிளாஸ்டிக் பொக்கே இருக்கிறது, எடுத்து வரவா என்றாள்.

சத்தம் கேட்டு சப்னா வந்தாள். கொடியையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், நான் அழத் தயாராக இருந்தேன். அவள் ஒரு தண்டை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, உங்கட கடையில நீலம், ரோஸ் எல்லாம் ஸ்பிரே அடிச்சு விப்பீங்கதானே? இது உம்மா அடிச்ச கலர். இதையே கட்டுங்க" என்றாள்.

உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சப்னா அவர் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனாள். நான் கொடியிலிருந்து பொக்கேக்கு வேண்டிய பூவை மட்டும் இறக்கினேன். நன்றாக உலர்ந்திருந்தது. ஒரு பூகூட உதிரவில்லை. மலைக்கு மேலே பார்த்த வெள்ளை போய், விடிகிற நேரத்து வானத்தின் மஞ்சள். உம்மா தண்டை நனைக்காமல் பூவை மட்டும் முக்கியிருந்தார், கை அப்படி. வேறு எதுவும் சேர்க்காமல், பந்து போல உருட்டி, வாப்பாவின் தறியில் நெய்த வெள்ளைத் துணியைக் கிழித்துத் தண்டைச் சுற்றினேன்.

ஒரே ஒரு கவலை பாக்கி. சப்னாவின் உடுப்பு பால் வெள்ளை. மஞ்சள் அதில் ஒட்டினால் என் கதி என்ன? அந்த நேரம் பார்த்து வாப்பா, பள்ளிவாசலுக்கு நிக்காஹுக்குப் போகுமுன் மகளைப் பார்க்க உள்ளே வந்தார். காலையில் நடந்த ரகளை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பொக்கேயைக் கையில் வாங்கினார். இரண்டு விரலால் ஒரு பூவைத் தேய்த்தார். விரல் நுனியைப் பார்த்தார்.

"ஒட்டல்ல" என்றார். கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையில் என் கவலை தீர்ந்தது. அறை விஷயத்துக்கு அது போதுமா என்றுதான் தெரியவில்லை.

பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. சப்னாவின் வலது பக்கம் நான் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன், காதைத் தீட்டிக்கொண்டு. முதலில் வந்தவர்கள் உடுப்பைப் பார்த்தார்கள், நகையைப் பார்த்தார்கள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். பூவைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அப்புறம் சாய்ந்தமருதிலிருந்து வந்த ஒரு பெண் குனிந்து, இது என்ன பூ, எங்கே எடுத்தது என்று கேட்டார். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணமாம், பச்சையில் கிடைக்குமா? அந்தக் கேள்வி கேட்டதும் வரிசை வரிசையாக ஆரம்பித்துவிட்டார்கள். சப்னா என் கையை நசுக்கிய நசுக்கில் மோதிரம் விரலில் பதிந்தது.

ஆனால் ஒப்பந்தப்படி இதையெல்லாம் வாப்பாவிடம் யார் சொல்வது? ஆண்கள் பக்கத்தில் இருக்கும் அவர் காதில் எதுவும் விழாது. நானும் சப்னாவும் சொன்னால் கட்சி பேசுகிறோம் என்பார். உம்மா காலையிலிருந்து குசினியை விட்டு வெளியே வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில்தான் வந்தார். அங்கே சஹன் என்ற பெரிய தட்டில் சோறு வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் ஆளுக்கொரு இலை, பக்கத்து இலையைப் பார்ப்பதே அநாகரிகம். நான் என் எல்லையைத் தாண்டாமல் கூச்சத்தோடு கொத்திக்கொண்டிருந்தேன். உம்மா வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, கோழியின் நல்ல துண்டைப் பார்த்து என் பக்கம் தள்ளினார். நான் அதில் பாதியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் மறுபடி என் பக்கம். சுற்றியிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் சண்டை அப்படி முடிந்தது. வட்டிலப்பம் என்ற இனிப்பு வருவதற்குள் உம்மா, பக்கத்துப் பெண்ணிடம், பூவுக்குச் சும்மா மஞ்சள் போட்டால் பிடிக்காது, உப்புச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னமோ ஆறு மாதமாகத் திட்டமிட்டுச் செய்தது போல.

மாலை அஸர் தொழுகை முடிந்து போன் கடைக்காரர் வந்தார். நல்ல பிள்ளை, முகம் நிறையச் சிரிப்பு. வாப்பாவைக் காணோம். மாப்பிள்ளை வீட்டார் இருக்கும்போது எங்கே போனார் இந்த மனுஷன் என்று உம்மா முணுமுணுத்தார். சப்னாவும் நானும் ஜன்னலோரம் நின்றோம். அவள் பொக்கேயைக் கீழே வைக்கவே இல்லை.

கைத்தறிக் கொட்டகைப் பக்கமிருந்து வாப்பா வந்தார். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, கை இரண்டும் முழங்கைவரை நீலம். கையில் ஒரு கட்டு ஜிப்சி. காலையில் நான் கொடியில் விட்டுவந்த மிச்சப் பூ. ஆறிய சாயத் தண்ணீரில் முக்கி எடுத்திருந்தார். அடியில் மஞ்சளோடு கலந்து பச்சை ஓட, மேலே கடல் நீலம். என் கடையில் எத்தனை ஸ்பிரே அடித்தாலும் அந்த நிறம் வராது.

"தம்பி, குறை நினைக்காதீங்க. அறைய மகளுக்குக் குடுத்திட்டன்" என்றார் போன் கடைக்காரரிடம்.

பெண்கள் கேட்டார்களா இல்லையா என்று அவர் யாரையும் விசாரிக்கவில்லை. நேரே ஜன்னலுக்கு வந்து சப்னாவிடம் அந்த நீலக்கட்டை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு விம்மினாள். அன்று காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை. நானும் அழுதேன், எனக்கு எதற்கும் கண்ணீர் வரும்.

வாப்பா ரொம்ப நேரம் அங்கே நிற்கவில்லை. திரும்பி, பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த றிஸ்மியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு லொறியில எனக்கும் ஒரு இடம் வை மகன். அந்தப் பூ முளைக்கிற இடத்த நான் பாக்கணும்."